பச்சை வாந்தி

என் வாந்தி பச்சை நிறமாக இருக்கும். சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும், இந்தக் கதையை வேறு இடத்தில் தொடங்க எனக்குத் தெரியவில்லை. வாழைக்குருத்தைக் கசக்கிப் பிழிந்தால் வருகிற பச்சை. வாயெல்லாம் கசக்கும். ராயகிரியில் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே வருஷத்தில் நாலைந்து தரம் மேல்வயிறு முறுக்கும், சுருண்டு படுப்பேன், அந்தப் பச்சை வரும், சாயங்காலத்துக்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து விளையாடப் போய்விடுவேன். எங்கள் அம்மா அதற்குப் பித்தம் என்று பெயர் வைத்தாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய, எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வாந்தி பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தால் பித்தம். பித்தத்துக்கு எலுமிச்சம்பழம். புளியங்குடி மார்க்கெட்டுக்குப் போய்வருகிற யாரையாவது பிடித்து ஒரு பை நிறையச் சொல்லிவிடுவாள். சாற்றில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டே இருப்பேன். வலி தானாக விடும்; பெயர் எலுமிச்சம்பழத்துக்குப் போகும்.

பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அம்மா அதைச் சொன்னாள். "அவளுக்குப் பித்த உடம்பு, நிறையச் சாப்பிட மாட்டா" என்று, ஏதோ என்னைக் கட்டிக்கொண்டால் அரிசி மிச்சம் என்கிற மாதிரி. அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை ஒரே பையன், அப்பா காலமாகிவிட்டார், அம்மாவும் மகனும்தான் வீடு. எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே நானும் கடைக்குப் போக ஆரம்பித்தேன். என் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் பெயர் வெட்டுகிற மெஷினை என் கையில் கொடுத்துவிட்டார். குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், அடுக்குச்சட்டி எல்லாவற்றிலும் அன்பளிப்பு கொடுக்கிறவர் பெயரை வெட்டிக் கொடுக்க வேண்டும். காதுகுத்து, பெயர் வைக்கிற விசேஷம் என்றால் பால் கிண்ணமும் குட்டிக் கரண்டியும் வரும். அந்தச் சின்ன வளைவில் எழுத்து பிசகாமல் வெட்ட ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், எனக்குப் பெருமைப்பட வேறு அதிகமில்லை.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் முதல் தடவை அந்த வீட்டில் வாந்தி எடுத்தேன். அத்தை ஓடி வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காதருகில் குனிந்து கேட்டார்.

"ஏட்டி, நாளு தள்ளிருக்கா?"

"ரெண்டு நாள் தள்ளிருக்கு அத்தை."

அவர் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. என் வாந்தியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு வயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறது, பித்தம்தான் அத்தை என்று சொன்னால் அவர் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலமே மாங்காய் வந்தது, குங்குமப்பூ வந்தது, பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கு விஷயம் போய்விட்டது. வலி வழக்கம்போல விட்டது. நாலு நாளில் நான் தலைக்குக் குளித்தேன். அத்தை மாங்காயை ஊறுகாய் போட்டுவிட்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் வாந்தி எடுத்தால் மருந்து கிடையாது. ஒருவேளை தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கரைத்துவிடும் என்பது அத்தையின் பயம். வலி மாத்திரைகூடத் தர மாட்டார். நாள் கணக்கு என்ன சொல்கிறது என்று தெரிகிறவரை காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளை வருகிற வாந்தி வேறு, இது வேறு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வருஷங்கள் போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் வயிறு முறுக்கும்போது மனசு இன்னொரு பக்கம் நாளை எண்ண ஆரம்பித்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். இந்த வலிக்கு ஏதாவது அர்த்தம் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். உலகத்திலேயே பித்த வாந்திக்கு ஏங்கிய பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

பிள்ளை இல்லாததற்குத் திருநெல்வேலியில் போய்ப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். இதைவிட மோசமான ரிப்போர்ட் கிடையாது. ஏதாவது கோளாறு இருந்தால் சரிசெய்யலாம், சரியாக இருக்கிறதை என்ன செய்வது? வயிற்று வலிக்கும் பார்க்காமல் இல்லை. வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள், வயிறு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். கேஸ் மாத்திரை, அல்சர் மாத்திரை எல்லாம் ஒரு சுற்று ஓடின. கடைசியில் ஒரு டாக்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "குழந்தை இல்லாத ஏக்கம்மா. மனசுல டென்ஷன் இருந்தா வயிறு இப்படித்தான் பேசும்" என்றார். எட்டு வயதில் எனக்கு என்ன ஏக்கம் இருந்தது சார் என்று கேட்டிருக்க வேண்டும். பீஸைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

அத்தை அம்மனிடம் நேர்ந்துகொண்டார். வயிற்று வலிக்கு வயிற்றில் மாவிளக்கு எடுப்பது எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிறதுதான். அத்தை ஒரே விளக்கில் இரண்டு வேண்டுதல் வைத்தார், வலி போக வேண்டும், வயிறு திறக்க வேண்டும். ஆடி மாதம், கோவில் முழுக்கக் கூட்டம், தபசுத் திருவிழாவுக்கு வந்தவர்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஈரச் சேலையோடு கல்தரையில் மல்லாந்து படுத்தேன். வயிற்றில் வாழையிலையைப் போட்டு, இடித்த மாவும் வெல்லமும் பிசைந்து குழித்த விளக்கை அதன்மேல் வைத்து, நெய் ஊற்றித் திரியை ஏற்றினார்கள். விளக்கு மலையேறும்வரை அசையக் கூடாது. மூச்சு விட்டால் சுடர் ஆடியது, அதனால் மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டேன். வயிற்றின் மேல் இளஞ்சூடு பரவியது. உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையில் வயிறு அவ்வளவு நிம்மதியாக இருந்த நேரம் வேறு கிடையாது. பக்கத்தில் அத்தை கண்ணை மூடி வாய் முணுமுணுக்க உட்கார்ந்திருந்தார். பிறகு புற்று மண்ணைக் குழைத்து என் வயிற்றில் பூசிவிட்டார். எனக்காக என் அம்மாகூட அப்படி வேண்டியதில்லை என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதத்துக்கு மேல் வலி வரவில்லை. அத்தை அதை எல்லோரிடமும் சொன்னார்.

பங்குனியில் எனக்கு நாள் தள்ளிப் போனது. வழக்கமான இரண்டு நாள், மூன்று நாள் இல்லை. வாரம் ஒன்று போய், இரண்டு போய், மூன்றாவது வாரமும் நடந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று பயம். கடையில் பால் கிண்ணத்துக்குப் பெயர் வெட்டும்போது கை நின்று நின்று போனது. ஒரு நாள் தாங்க முடியாமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எங்களைத் தெரியாத ஒரு மெடிக்கல் ஷாப்பாகத் தேடிப் போய் டெஸ்ட் அட்டை வாங்கி வந்தார். காலையில் பார்த்தோம். ஒரு கோடு வந்தது. இன்னொரு கோடு வர வேண்டிய இடத்தை இரண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தோம்.

"லேசா தெரியுதுல்லா?" என்றேன்.

"தெரியுத மாதிரிதான் இருக்கு" என்றார்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இருக்கு. லேசா இருக்கு" என்றார். நானும் பார்த்தேன். அந்தக் கோடு எனக்கு நன்றாகத் தெரிந்தது. இன்றைக்குக் கேட்டாலும் தெரிந்தது என்றுதான் சொல்வேன்.

அத்தையிடம் சொன்னோம். அவர் சத்தம் போடவில்லை, மாங்காய் வாங்கவில்லை, பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதார். அடுத்த இரண்டு நாள் என்னைக் குனிந்து ஒரு டம்ளர்கூட எடுக்க விடவில்லை. அந்த இரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம் நாள் வலி வந்தது. தெரிந்த வலிதான், அதே இடம், அதே முறுக்கு, அதே பச்சை. ஆனால் சாயங்காலம் விடவில்லை. படுத்தாலும் வலித்தது, உட்கார்ந்தாலும் வலித்தது. குடித்த தண்ணீரும் பச்சையாகத் திரும்பி வந்தது. அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பொறுத்துக்க மக்கா. வாந்தி கூடுதலா இருந்தா பொம்பளப் பிள்ளன்னு சொல்லுவாவ" என்றார்.

மறுநாள் காலையில் ஊரிலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். சின்ன வயசுக்காரர். வயிற்றை அழுத்திப் பார்த்தார், பார்த்தவர் முகம் குழம்பியது. "வயிறு தொட்டா சாஃப்டாத்தான் இருக்கு. ஆனா இவங்க படுற வலிக்கும் இதுக்கும் பொருத்தமே இல்ல. எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துருவோம். தேவைப்பட்டா சி.டி. ஸ்கேன்" என்றார். அவர் சரியாகத்தான் சொன்னார். அத்தைதான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"எக்ஸ்ரே எல்லாம் வேண்டாம் டாக்டர். இத்தன வருசம் கழிச்சி இப்பத்தான் தங்கிருக்கு."

"டெஸ்ட் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார். கோடு வந்துச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். வலியில் எனக்குப் பேச்சு வரவில்லை. கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் ஒரே ஆசைதான். டாக்டர் மட்டும் வெளியாள், அவர் என்ன செய்வார்? எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார், முடிவு மறுநாள்தான் வரும் என்றார், டிரிப்ஸ் ஏற்றினார், பிள்ளைக்குக் கெடுதல் வராத ஊசி என்று ஒன்றைப் போட்டார். குறையாவிட்டால் உடனே வர வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். ஊசியில் கண் சொக்கியது. வலி குறைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம்.

விடிகிறபோது பாத்ரூமில் ரத்தமாகப் போனது. அத்தை அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கலைந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். அது வந்த வழி வேறு என்பதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தேன், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. திருநெல்வேலி போகிற வழியெல்லாம் என் வீட்டுக்காரர் என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். கை சில்லென்று இருக்கிறது, சூடு வர மாட்டேன் என்கிறது என்று கூட வந்தவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அங்கே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன்னால் ஒரு நர்ஸ் குனிந்து, "மாசமா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். சத்தம் வராததால் இன்னொரு தரமும் சொன்னேன். அவசர டெஸ்ட் எடுத்தார்கள். நர்ஸ் திரும்பி வந்து, "நெகட்டிவ்ம்மா. ஸ்கேன் எடுக்கலாம்" என்றார்.

"இன்னொரு தரம் பாருங்க சிஸ்டர். லேசாத்தான் தெரியும்."

"நல்லாப் பாத்தாச்சும்மா. ஒண்ணும் இல்ல."

அவர் தன்மையாகத்தான் சொன்னார். பிறகு சர்ஜன் வந்தார், குடல் முறுக்கி ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து என்று என்னென்னவோ சொன்னார். எனக்கு அதெல்லாம் பெரிதாகவே படவில்லை. திறந்துகொள்ளுங்கள் என்று தோன்றியது. வெறும் வயிறுதானே.

முழித்து, குழாய்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, பேசுகிற நிலைக்கு வந்த பிறகு அந்த சர்ஜன் எனக்கு விளக்கினார். கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அதன் ரப்பர்க் குழாயைக் குடலாக வைத்துக்கொண்டார்.

"நாமெல்லாம் அம்மா வயித்துல கருவா இருக்கையில குடல் வயித்துக்கு வெளிய வந்து தொப்புள்கொடிக்குள்ள வளரும். அப்புறம் ஒரு சுத்துச் சுத்திக்கிட்டே உள்ள போயி அதது இடத்துல ஒட்டிக்கிடும். உங்களுக்கு அந்தச் சுத்து நடக்கலை. சிறுகுடல் பூராவும் வலது பக்கம், பெருங்குடல் இடது பக்கம். மொத்தமும் ஒரு மெல்லிசான காம்புல தொங்கிட்டு இருந்திருக்கு. அப்பப்போ முறுக்கும், தானா விட்டுரும். இந்தத் தடவை விடலை."

குழாயை முறுக்கிக் காட்டினார், விட்டார், அது அவிழ்ந்தது. மறுபடி முறுக்கி அப்படியே பிடித்துக்கொண்டார்.

"பச்சையா வாந்தி வந்திருக்குமே. எந்த டாக்டர்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னோம் சார். பித்தம்னு சொன்னோம்" என்றேன்.

அவர் முறுக்கிப் பிடித்திருந்த குழாயை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இத்தனை வருஷத்தில், இத்தனை டாக்டரிடம், ஒருவரிடமாவது பச்சை என்ற நிறத்தை நாங்கள் சொன்னதே இல்லை. நாங்களே கண்டுபிடித்த வியாதியின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறோம். அவர்களும் தினம் பத்துப் பேரிடம் அதே பெயரைக் கேட்கிறவர்கள், எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்தார்கள். வாந்தி பச்சையாக வந்தால் குடல் எங்கேயோ அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம், அதுவும் சின்னப் பிள்ளைக்கு வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாதாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்து, எலுமிச்சம்பழச் சாறு குடித்து, வளர்ந்து, கல்யாணமும் முடித்துவிட்டேன்.

நாள் தள்ளிப் போனதற்கு என்ன காரணம் என்றும் கேட்டேன். அப்படி ஆகிறது உண்டு, எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல முடியாது என்றார்.

எவ்வளவு குடல் மிச்சம் இருக்கிறது என்று கேட்டதற்கு இரண்டு கையையும் கொஞ்சம் அகட்டிக் காட்டினார். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் அந்த நீளத்துக்கு மல்லிகைச் சரம் கேட்டால் ஒன்றரை முழம் என்பார்கள். ஒரு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு முழம் இருக்க வேண்டியது. கறுத்துப் போனதையெல்லாம் வெட்டி எடுத்தாயிற்று. இருக்கிற துண்டைப் பெருங்குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். "போகப் போக அது கொஞ்சம் பழகிக்கிடும். பார்ப்போம்" என்றார் சர்ஜன். டாக்டர்கள் பார்ப்போம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று நான் இப்போது நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அது பழகவில்லை. நான் சாப்பிடுகிறேன், நன்றாகவே சாப்பிடுகிறேன். பித்த உடம்பு என்று பெயர் வாங்கியவள் இன்று வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிடுகிறேன். எல்லாம் உள்ளே போன கையோடு வெளியே வந்துவிடுகிறது. தாகம் எடுத்தால் மடக்கு மடக்கென்று தண்ணீர் குடிக்கக் கூடாது, குடித்தால் அது உடம்பில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாயில் வைத்து வைத்து விழுங்க வேண்டும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. கடைக்குப் போய் மெஷினைப் பிடித்தால் எழுத்து நடுங்குகிறது. ஒரு தாம்பாளத்தைக் கெடுத்துவிட்டேன், அதோடு என் வீட்டுக்காரர் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். கொஞ்ச மாதம் மார்புக்குள் குழாய் வைத்து நேராக ரத்தத்தில் சத்து ஏற்றினார்கள். பால் மாதிரி வெள்ளையாக ஒரு பை தொங்கும். உடம்பு தேறுகிற மாதிரி இருந்தது. குழாயில் கிருமி புகுந்து குளிர் காய்ச்சல் வந்தது, எடுத்துவிட்டு வேறு பக்கம் வைத்தார்கள், அதிலும் வந்தது. இரண்டாவது தரம் பிழைத்ததே பெரிது என்று நிறுத்திவிட்டார்கள். சென்னையில் குடல் மாற்று ஆபரேஷன் செய்கிறார்களாம். அதற்கு உடம்பில் கொஞ்சமாவது தெம்பு வேண்டும் என்கிறார்கள். தெம்பு வரக் குடல் வேண்டும். இதைச் சொன்ன டாக்டருக்கும் நான் யோசித்தது புரிந்திருக்க வேண்டும், உடனே ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

அத்தை உளுந்தங்களி கிண்டித் தருகிறார். எங்கள் பக்கம் பெரியமனுஷியான பிள்ளைகளுக்கு இடுப்பு வலுக்க நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கிண்டித் தருவார்கள், நாளைக்குப் பிள்ளை பெற இடுப்பில் பலம் வேண்டும் என்று. நானும் சாப்பிடுகிறேன். எண்ணெய்ச் சாமான் எனக்கு ஆகாது, அரை மணி நேரத்தில் அப்படியே போய்விடும். அத்தைக்கும் அது தெரியும். பாத்ரூமிலிருந்து நான் வருகிறவரை அடுக்களையில் எதையாவது உருட்டிக்கொண்டே இருப்பார், சத்தம் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்கிறதற்காக. எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று ராயகிரியிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்த எக்ஸ்ரேயை வேண்டாம் என்றது அவர்தானே என்று காதோடு சொல்லியும் பார்த்தார்கள். அவர் வாயால் சொன்னார், நான் தலையால் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குக் கோபம் வேறு யார்மேலோ இருக்கிறது, அது யார் என்று தெரியவில்லை.

மாதம் மாதம் வருவதும் நின்றுவிட்டது. உடம்பில் சத்து இல்லாவிட்டால் நின்றுவிடுமாம். முன்பு இரண்டு நாள் தள்ளினால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இப்போது மாசக்கணக்காகத் தள்ளிக் கிடக்கிறது, யாரும் கேட்பதில்லை.

போன வாரம் திருநெல்வேலிக்கு செக்கப்புக்குப் போனோம். என் வீட்டுக்காரரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, இவ்வளவு நாளும் கேட்காமல் வைத்திருந்ததை சர்ஜனிடம் கேட்டுவிட்டேன்.

"சார், இனிமே எனக்குப் பிள்ளை பெத்துக்கிட முடியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சாப்பிடுறது உங்களுக்கே பத்தலையேம்மா" என்றார். பிறகு அவசரமாக, "இப்போதைக்கு நீங்க உங்களப் பாத்துக்கிடுங்க. அது போதும்" என்றார். நான் சரி சார் என்று எழுந்துவிட்டேன். புதிதாக அவர் ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனாலும் கேட்காதவரைக்கும் அது எங்கேயோ மிச்சம் இருந்தது போலிருக்கிறது. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பெண்கள் சீட்டில் எனக்கு ஓரமாக இடம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டார். வன்னிக்கோனேந்தலில் ஒரு கூட்டம் ஏறியது. அதில் ஒரு பெண், இடுப்பில் ஒன்றரை இரண்டு வயதுப் பிள்ளை, தோளில் பை, கையில் இன்னொரு பை. கரிவலம்வந்தநல்லூருக்குப் போக வேண்டும், சங்கரன்கோவிலில் இறங்கி அடுத்த பஸ் கிடைக்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டே வந்து என் பக்கத்தில் கம்பியைப் பிடித்தாள். எங்கள் ஊர் பஸ்ஸில் நிற்கிறவள் பிள்ளையை உட்கார்ந்திருக்கிறவள் மடியில் கொடுப்பதற்கு அறிமுகம் ஒன்றும் தேவையில்லை.

"யக்கா, பிள்ளைய செத்த நேரம் வச்சிக்கிடுதியளா?"

நான் கையை நீட்டுவதற்கு முன்னாலேயே பிள்ளை என் மடிக்கு வந்துவிட்டது. பெண் பிள்ளை. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. புது ஆளைப் பார்த்து அழவில்லை, என் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வளையலைப் பிடித்து மேலே ஏற்றி விளையாட ஆரம்பித்தது. அது முழங்கை வரைக்கும் போவது அதற்கு ஆச்சரியமாக இருந்தது. சிரித்தது. நானும் சிரித்தேன். பவுடர் வாசமும் பால் வாசமும் அடித்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். பின்னால் என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும், திரும்பவில்லை.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பிள்ளை காலை உதைத்து எழுந்து நிற்கப் பார்த்தது. குதிகால் தையல் போட்ட இடத்தில் ஊன்றியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், அது எனக்குப் பழக்கம்தான். தொடை நடுங்கத் தொடங்கியது. கை பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்றே தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், சங்கரன்கோவில் வருகிறவரைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. பிள்ளை என் கைக்குள்ளேயே வழுக்கிக் கீழே போனது, கவுனைத்தான் பிடித்தேன். அது பயந்து வீறிட்டது.

நிமிர்ந்து பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன்.

"வாங்கிக்கிடுங்க. என்னால முடியல" என்றேன்.

"அதுக்கென்ன யக்கா" என்று அவள் குனிந்து தூக்கினாள். அவளுக்குத் தோளிலும் கையிலும் பை இருந்ததால் என் பக்கத்து சீட்டுப் பெண் கையை நீட்டினாள். பிள்ளை அவள் மடிக்குப் போய் அழுகையை நிறுத்தியது.